கருத்தடைக்குப் பின் ஒரு வீடு: சிங்கப்பூரின் தெருப்பூனைகளும் வீவக விதியும்

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் குடியிருப்புகளில், அதாவது வீவக வீடுகளில், பூனை வளர்ப்பதற்கு 1989 முதல் இருந்துவந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி விலக்கப்பட்டது. அன்று நடப்புக்கு வந்த புதிய விதிகளின்படி, ஒரு வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை உரிமம் பெற்று வளர்க்கலாம். செல்லப்பிராணி வளர்ப்போருக்குக் கிடைத்த சலுகை என்றே பலர் இச்செய்தியைப் படித்திருப்பார்கள். ஆனால் புளோக்கின் கீழ்த்தளங்களிலும் உணவங்காடிகளின் பின்புறங்களிலும் பூனைகளைப் பிடித்து, கருத்தடை செய்வித்து, குட்டிகளுக்கு வீடு தேடி அலைந்த தொண்டூழியர்களுக்கு இந்த மாற்றத்தின் பொருள் வேறு. சிங்கப்பூர்வாசிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் வீவக வீடுகளில் வசிக்கிறார்கள். மீட்கப்பட்ட ஒரு பூனைக்குச் சட்டப்படி கிடைக்கக்கூடிய வீடுகள், தடை நீடித்த 35 ஆண்டுகளிலும், மீதமுள்ள ஒரு பங்குக்குள்தான் அடங்கியிருந்தன. தெருப்பூனைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் முயற்சிகள் ஏன் அடிக்கடி பாதியில் நின்றன என்பதைப் புரிந்துகொள்ள, இந்த ஒரு பங்கிலிருந்து தொடங்குவதே சரியாக இருக்கும்.

முதலில், பூனைகள் எப்படிப் பெருகுகின்றன என்பதைப் பார்க்கலாம். பகல் நீளும் பருவத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும் விலங்கு பூனை. குளிர்நாடுகளில் அதனால்தான் அவற்றின் ஈற்றுக்காலம் இளவேனிலில் தொடங்கி இலையுதிர்காலத்தில் ஓய்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாறாமல் இருப்பதால், இங்கே அந்த ஓய்வு இல்லை. பெண்பூனை பிறந்து நான்கைந்து மாதங்களிலேயே பருவமடைந்துவிடக்கூடும். கருக்காலம் ஒன்பது வாரங்கள்தான். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடியும் கருவுறலாம். இணைசேர்தலே கருமுட்டை வெளிப்படுவதைத் தூண்டுவதால், இணைசேர்ந்த பூனை கருவுறாமல் போவது அரிது. ஒரே ஈற்றில் பிறக்கும் குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தைகள் இருப்பதும் உண்டு. மூன்று மாதக் குட்டியாக யாரோ கொண்டுவந்து விட்டுப்போன ஒரு பெண்பூனை, அடுத்த சில மாதங்களில் அதே படிக்கட்டின் கீழ் ஈன்றுகொண்டிருப்பதற்கு இவையே காரணம்.

இங்கே ஒரு தவறான கணக்கையும் சொல்லிவிட வேண்டும். ஓர் இணைப் பூனைகளும் அவற்றின் வழித்தோன்றல்களும் ஏழு ஆண்டுகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பூனைகளாகப் பெருகும் என்ற எண், கருத்தடைப் பிரசாரங்களில் உலகெங்கும் திரும்பத் திரும்ப அச்சிடப்படுகிறது. பிறந்த குட்டி எதுவுமே சாகாது என்று வைத்துக்கொண்டால்தான் அந்தக் கணக்கு நிற்கும். அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வு, வெளியில் பிறந்த 169 குட்டிகளைப் பின்தொடர்ந்தது. அவற்றில் 75 சதவீதம் ஆறு மாதம் நிறைவதற்குள் இறந்தோ காணாமலோ போயின. வாகனங்களில் அடிபட்டவை, நாய்களிடம் சிக்கியவை, நோயில் மடிந்தவை என்று காரணங்கள் பல. என்னைப் பொறுத்தவரை, கருத்தடைக்கு ஆதரவான மிக வலுவான வாதம் இதுதான். நகரம் பூனைகளால் நிரம்பிவிடும் என்று அச்சமூட்டத் தேவையில்லை. பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை துன்பப்பட்டுச் சாவதற்கென்றே பிறக்கின்றன, அந்தப் பிறப்பைத் தடுப்பது நம்மால் இயலும் என்பது மட்டுமே போதுமான காரணம்.

கருத்தடைப் பணி நடக்கும் விதம் எளியதுபோலத் தோன்றும், ஆனால் பொறுமை அதிகம் வேண்டும். ஒரு புளோக்கைச் சுற்றியுள்ள பூனைகளுக்கு நாள்தோறும் உணவளிக்கும் பராமரிப்பாளர் ஒருவர் இல்லாமல் அது நடப்பதில்லை, ஏனென்றால் எத்தனை பூனைகள் உள்ளன, எது கருவுற்றிருக்கிறது, எது புதிதாக வந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பிடிப்பதற்கு முந்தைய வேளை உணவை அவர் நிறுத்திவைக்கிறார். பசியோடு வரும் பூனை, கூண்டுக்குள் வைத்த மீனை நாடி உள்ளே போகும்போது கதவு விழுகிறது. உடனே கூண்டின் மீது துணியைப் போர்த்துகிறார்கள், இருட்டில் பூனை அமைதியடைகிறது. மருத்துவமனையில் மயக்கமருந்து கொடுத்துப் பெண்பூனையின் சூலகங்களையும் கருப்பையையும், ஆண்பூனையின் விரைகளையும் அகற்றுகிறார்கள். அதே மயக்கத்திலேயே ஒரு காதின் நுனி நேராக வெட்டப்படுகிறது. தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும் அந்த அடையாளம், ஏற்கெனவே சிகிச்சை முடிந்த பூனையை மறுபடியும் பிடித்து வதைக்காமல் காக்கிறது. ஆண்பூனை ஓரிரு நாளில் தேறிவிடும், பெண்பூனைக்கு இன்னும் சில நாள் வேண்டும். பிறகு பிடித்த அதே இடத்தில் விடுகிறார்கள். பூனை தன் எல்லையை நன்கு அறிந்த விலங்கு என்பதால், பழக்கமில்லாத இடத்தில் விடுவது அதைக் கைவிடுவதற்கு ஒப்பாகும்.

இந்த முறை சிங்கப்பூருக்குப் புதியதன்று. 1998இலேயே அரசு ஒரு தெருப்பூனை மறுவாழ்வுத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. பராமரிப்பாளர்கள் முன்வந்து கருத்தடை செய்விக்கும் பூனைகளைக் கொல்லாமல் விட்டுவைப்பது அதன் சாரம். அடுத்த ஆண்டே பூனை நலச் சங்கமும் உருவாயிற்று. 2003இல் சார்ஸ் வந்தது. 238 பேரைத் தொற்றி 33 உயிர்களைப் பறித்த அந்த நோயின் அச்சத்தில், பொது இடங்களின் துப்புரவு ஒரு தேசிய இயக்கமானது. தெருப்பூனைகளைப் பிடித்துக் கொல்லும் நடவடிக்கை தீவிரமடைந்தது, மறுவாழ்வுத் திட்டமும் அந்த ஆண்டிலேயே கைவிடப்பட்டது. பல ஆண்டுகள் உழைத்துக் காது நுனி வெட்டிய பூனைகளும் அந்நாள்களில் பிடிபட்டன என்பதைப் பராமரிப்பாளர்கள் இன்றும் மறக்கவில்லை. தனி மனிதர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் கருத்தடையைத் தொடர்ந்தார்கள். 2011இல் சில வட்டாரங்களில் அரசு ஆதரவுடன் கருத்தடைத் திட்டம் மறுபடியும் உயிர்பெற்றது. 2012இல் சோங் பாங் வட்டாரத்தில், நிபந்தனைகளோடு வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதிக்கும் முன்னோடித் திட்டமும் தொடங்கிற்று. 2019 ஏப்ரலில் விலங்குகள் சார்ந்த பொறுப்பு தேசியப் பூங்காக் கழகத்திடம் வந்தது.

இத்தனை ஆண்டுக் கருத்தடைக்குப் பிறகும் கீழ்த்தளங்களில் புதிய குட்டிகள் ஏன் தென்பட்டுக்கொண்டே இருந்தன? இக்கேள்விக்கு வெளிநாட்டு அனுபவங்கள் இரண்டு தெளிவான விடை தருகின்றன.

முதலாவது ரோம். இத்தாலி 1991இல் இயற்றிய 281ஆம் எண் சட்டம், தெருவில் வாழும் பூனைகளைக் கொல்வதைத் தடைசெய்து, கருத்தடை செய்து அதே இடத்தில் விட வேண்டும் என்று விதித்தது. அதன் பின் பத்தாண்டுகளில் ரோமில் ஏறத்தாழ 8,000 பூனைகளுக்குக் கருத்தடை செய்யப்பட்டது. 103 பூனைக் கூட்டங்களை ஆராய்ந்து 2006இல் வெளியான அறிக்கை, அக்கூட்டங்களில் இருந்த பூனைகளின் எண்ணிக்கை 16 முதல் 32 சதவீதம் வரை குறைந்ததாகச் சொல்கிறது. அவ்வளவு உழைப்புக்கு அது சிறிய பலன்தான். காரணமும் அதே அறிக்கையில் உள்ளது: அந்தக் கூட்டங்களில் இருந்தவற்றில் 21 சதவீதம் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை, மனிதர்கள் கொண்டுவந்து விட்டவையும் தாமாக வந்தவையும். வளர்ப்புப் பூனைகளைக் கைவிடுவதைத் தடுக்காதவரை கருத்தடைக்குச் செலவிடும் பணமும் நேரமும் வீணே என்று அந்த ஆய்வாளர்கள் வெளிப்படையாகவே எழுதினார்கள்.

இரண்டாவது, மத்திய புளோரிடா பல்கலைக்கழக வளாகம். அங்கே 11 ஆண்டுகளில் மொத்தம் 155 பூனைகள் கணக்கில் வந்தன. 1996இல் 68 ஆக இருந்த எண்ணிக்கை 2002இல் 23 ஆகக் குறைந்தது. 1995க்குப் பிறகு வளாகத்தில் குட்டிகளே காணப்படவில்லை. கருத்தடையின் வெற்றிக் கதையாகவே இது பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் அந்த 155இல் 47 சதவீதம் தத்துக் கொடுக்கப்பட்டு வீடுகளுக்குச் சென்றுவிட்டன என்பதை அவர்களில் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். புதிதாக வந்த பூனைகளும் ஈனுவதற்கு முன்பே கருத்தடை செய்யப்பட்டன அல்லது வீடு சேர்ந்தன. ஆக, கருத்தடை பிறப்பை நிறுத்துகிறது, வீடு கிடைப்பது இருப்பவற்றைக் குறைக்கிறது, கைவிடுதல் நின்றால்தான் இவ்விரண்டின் பலனும் நிலைக்கிறது. ரோமில் மூன்றாவது இல்லை, புளோரிடா வளாகத்தில் இரண்டாவது வலுவாக இருந்தது.

சிங்கப்பூரின் பழைய விதி இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒருசேர முடக்கியிருந்தது. பூனையை வீட்டுக்குள் அடக்கிவைப்பது கடினம், வெளியே சுற்றவிட்டால் முடி உதிர்க்கும், பொது இடங்களில் அசுத்தம் செய்யும், இரவில் கத்தி அண்டைவீட்டாரின் அமைதியைக் குலைக்கும் என்பவையே தடைக்கு வீவக கூறிவந்த காரணங்கள். இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், இரவுக் கூச்சல் பெரும்பாலும் இணைதேடும் பூனைகளுடையது. சுவரில் நெடியுடன் சிறுநீர் தெளிப்பது பெரும்பாலும் விரை நீக்காத ஆண்பூனையின் வேலை. வெளியே சுற்றுவது வலையில்லாத சன்னலாலும் திறந்த கதவாலும் நேர்வது. அதாவது தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு மருத்துவமனையிலும் வன்பொருள் கடையிலும் தீர்வு இருந்தது. விதியோ பூனையையே வெளியேற்றச் சொன்னது.

மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம் விதிக்க இடமிருந்தது. நடைமுறையில் புகார் வந்தால் மட்டுமே நடவடிக்கை எடுக்கப்பட்டு வந்ததால், எண்ணற்ற குடும்பங்கள் பூனை வளர்க்கத்தான் செய்தன. ஆனால் அந்த வளர்ப்பு எப்போதும் ஓர் அண்டைவீட்டுக்காரரின் பொறுமையை நம்பியே இருந்தது. புகார் ஒன்று எழுந்து, வீவகவிலிருந்து கடிதம் வந்துவிட்டால், குடும்பத்தின் முன் இருந்த வழிகள் மிகச் சில. பூனைக் காப்பகங்கள் நிரம்பியிருக்கும், தனியார் வீட்டில் வசிக்கும் உறவினர் எல்லோருக்கும் இருப்பதில்லை. செல்லப்பிராணியைக் கைவிடுவது, முதல்முறை குற்றவாளிக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படக்கூடிய குற்றம். அப்படியிருந்தும் எத்தனையோ பூனைகள் இரவோடு இரவாகக் கீழ்த்தளத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் கருத்தடை செய்யாதவை அங்கேயே ஈன்றன. கருத்தடைச் சான்றும் மைக்ரோசிப்பும் இல்லாத பூனையின் பழைய உரிமையாளரைக் கண்டுபிடிக்க வழியும் இல்லை.

மீட்போரின் நிலையும் அதே அளவு சங்கடமானது. தாயை இழந்த குட்டிகளைத் தற்காலிகமாக வீட்டில் வைத்து வளர்த்தவர்களில் பெரும்பாலோர் வீவகவாசிகளே. ஒரு விலங்கைக் காப்பாற்றுவதற்காக அவர்கள் நாள்தோறும் விதியை மீற வேண்டியிருந்தது. பூனையைத் தத்தெடுக்க விரும்பி வருவோரிடம், உங்கள் வீட்டில் பூனை இருக்கலாமா என்று கேட்டால் நேர்மையான பதில் இல்லை என்பதாகவே இருக்கும். தத்து உடன்படிக்கையில் எத்தனை நிபந்தனை எழுதினாலும், முதல் நிபந்தனையே ஆட்டம் கண்ட நிலையில் மற்றவற்றுக்கு என்ன வலு இருக்கும்?

வீடு சேர்க்கும் பணியின் நுட்பங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தால் நேரும் தவறுகள் இங்கேதான் அதிகம். கண் திறக்காத குட்டிகள் தனியாகக் கிடப்பதைப் பார்த்தவுடன் அள்ளிக்கொண்டு வருவது இயல்பு. ஆனால் தாய் இரைதேடிப் போயிருக்கலாம், அல்லது குட்டிகளை ஒவ்வொன்றாக வேறிடத்துக்குக் கவ்விக்கொண்டு போகும் நடுவில் இருக்கலாம். உடனடி ஆபத்து இல்லையென்றால் சில மணி நேரம் தள்ளி நின்று கவனிப்பதே நல்லது, தாயின் பாலுக்கு ஈடாக எதுவும் இல்லை. தாய் வரவே இல்லை என்று உறுதியானால், முதல் தேவை வெப்பம். பிறந்த சில வாரங்களுக்குக் குட்டியால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாது, உடல் குளிர்ந்த குட்டிக்குப் பால் புகட்டினால் அது செரிக்காது. நம் வீடுகளில் வழக்கமாக ஊற்றும் பசும்பாலும் குட்டிகளுக்கு ஆகாது. வயிற்றுப்போக்கு கண்டு, உடலில் நீர் வற்றி, ஓரிரு நாளில் இறந்துவிடும். பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவை, முதல் வாரங்களில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் புகட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஈரத் துணியால் அடிவயிற்றின் கீழ் மெல்லத் துடைத்துச் சிறுநீர் கழிக்கத் தூண்ட வேண்டும், தாய் நாவால் நக்கிச் செய்வது அது. பிறக்கும்போது ஏறத்தாழ 100 கிராம் இருக்கும் குட்டி, நாளுக்குச் சுமார் 10 கிராம் ஏறிக்கொண்டே வந்தால் நலமாக இருக்கிறது என்று பொருள்.

வீட்டுப் பூனையாக ஒரு குட்டி மாறுமா என்பதும் ஏறக்குறைய அதே வாரங்களில் முடிவாகிவிடுகிறது. இரண்டு முதல் ஏழு வாரம் வரையுள்ள காலத்தில் மனிதக் கைகளின் தொடுகைக்குப் பழகிய குட்டி, வாழ்நாள் முழுவதும் மனிதர்களோடு இயல்பாக இருக்கும். அக்காலத்தைத் தெருவில் ஒளிந்தே கழித்த பூனை, பிறகு எவ்வளவு அன்பு காட்டினாலும் மூலையில் ஒடுங்கி நிற்கக்கூடும். அதனால்தான் பிடித்த பூனைகளை இரு வகையாகப் பிரிக்கிறார்கள்: பழகக்கூடியவை வீடு தேடிக் காத்திருக்கின்றன, மனிதரைக் கண்டு அஞ்சுபவை கருத்தடைக்குப் பின் தம் இடத்துக்கே திரும்புகின்றன. அஞ்சும் பூனையைக் கூண்டில் அடைத்துக் காப்பகத்தில் வைத்திருப்பது கருணையாகத் தோன்றினாலும், அதற்கு அது சிறைதான்.

சிங்கப்பூருக்கே உரிய இன்னொரு தேவை, சன்னல்களுக்கு வலை. பூனை உயரத்திலிருந்து விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இங்கே பல உயிர்களைப் பறித்திருக்கிறது. 1987இல் வெளியான நியூயார்க் ஆய்வு ஒன்று இந்த நம்பிக்கைக்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. உயரத்திலிருந்து விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளில், சிகிச்சை பெற்றவற்றுள் 90 சதவீதம் பிழைத்தன என்றது அது. விழுந்த இடத்திலேயே இறந்த பூனையை யாரும் மருத்துவமனைக்குக் கொண்டுவருவதில்லை என்பதை நினைவில் கொண்டால், அந்த எண் எவ்வளவு சொல்கிறது, எவ்வளவு மறைக்கிறது என்பது விளங்கும். தத்துக் கொடுப்பவர்கள் வீட்டுக்கே வந்து சன்னல்களையும் வாசல் இரும்புக் கதவையும் பார்வையிட்டு, வலை பொருத்திய பிறகே பூனையை ஒப்படைப்பதைச் சிலர் அதிகப்படியான கெடுபிடி என்று கருதுகிறார்கள். பத்தாவது மாடியில் அது கெடுபிடியன்று.

2024இன் விதிகள் இந்த நடைமுறைகளில் பலவற்றைச் சட்டமாக்கியுள்ளன. பூனைக்கு மைக்ரோசிப் பொருத்தி உரிமம் பெற வேண்டும். விண்ணப்பிப்பவர் செல்லப்பிராணிப் பராமரிப்பு குறித்த இலவச இணையப் பாடம் ஒன்றை முடிக்க வேண்டும். சன்னல்களுக்கும் கதவுகளுக்கும் வலையோ தடுப்போ இருக்க வேண்டும். 2026 ஆகஸ்ட் 31 வரை இடைக்காலமாக வகுக்கப்பட்டு, கருத்தடை செய்த பூனைகளுக்கு அதுவரை கட்டணமின்றி உரிமம் வழங்க முடிவானது. ஏற்கெனவே வரம்புக்கு மேல் வளர்த்து வருபவர்கள் அக்காலத்துக்குள் உரிமம் பெற்றால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு, ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பூனைகள் தெருவுக்கு வருவதைத் தடுத்த விவேகமான முடிவு. வசதி குறைந்த குடும்பங்களின் பூனைகளுக்குக் கருத்தடை உதவித் திட்டமும், தெருப்பூனைகளைப் பிடித்து, கருத்தடை செய்து, வீடு சேர்க்கும் அல்லது திரும்ப விடும் பணியைத் தீவு முழுவதற்கும் விரிவாக்கும் ஏற்பாடும் உடன் வந்தன. வீட்டுப் பூனைக்கும் தெருப்பூனைக்கும் தனித்தனிக் கொள்கை என்றிருந்த நிலை மாறி, இரண்டும் ஒரே பிரச்சினையின் இரு முனைகள் என்று அரசு ஏற்றுக்கொண்டதையே இதில் மிக முக்கியமானதாக நான் கருதுகிறேன்.

குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வளர்ப்புப் பூனைக்குக் கருத்தடை ஊக்குவிக்கப்படுகிறதே தவிரக் கட்டாயமாக்கப்படவில்லை. கட்டணச் சலுகை ஒருவரைத் தூண்டலாம், ஆனால் ஒரு ஈற்றாவது ஈனட்டும் என்று எண்ணுபவரை அது மாற்றாது. பூனைக்கு அந்த ஓர் ஈற்றால் உடல்நலத்தில் எந்த நன்மையும் இல்லை. பருவமடையும் முன் கருத்தடை செய்தால் மார்புப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகவும் குறைகிறது, கருப்பையில் சீழ் கோக்கும் ஆபத்து அடியோடு நீங்குகிறது. முறையாகப் பதிவுபெற்ற இனப்பெருக்கம் செய்வோரைத் தவிர மற்ற எல்லோருக்கும் கருத்தடையைக் கட்டாயமாக்குவதே இந்த வரிசையில் அடுத்த படியாக இருக்க வேண்டும்.

எதிர்ப்பவர்களின் வாதங்களில் எளிதில் தள்ளிவிட முடியாத ஒன்று, காட்டுயிர் குறித்தது. நன்றாக உணவளிக்கப்பட்ட பூனையும் வேட்டையாடும். அரணைகளும் சிறு பறவைகளும் அதற்கு இரையாகின்றன. இயற்கைக் காப்பகங்களின் ஓரங்களில் பிடிபடும் பூனைகளைக் கருத்தடைக்குப் பின் அங்கேயே விடுவது சரியன்று என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் அவற்றை வேறெங்கே கொண்டுபோவது என்ற கேள்விக்கு, வீவக வீடுகள் மூடப்பட்டிருந்தவரை பதில் இருக்கவில்லை. பூனைகளின் மீது அக்கறையுள்ளவர்களும் பறவைகளின் மீது அக்கறையுள்ளவர்களும் ஒரே பக்கம் நிற்கக்கூடிய இடம், பூனையை வீட்டுக்குள் வைத்து வளர்ப்பதுதான்.

விதி மாறியதால் மட்டும் எல்லாப் பூனைகளுக்கும் வீடு கிடைத்துவிடவில்லை. தத்தெடுக்க வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதக் குட்டிகளையே கேட்கிறார்கள். இரண்டு வயதைக் கடந்த பூனை, ஒரு கண் இழந்தது, பிறவியிலேயே முறுக்கிக் குட்டையான வாலுடன் இப்பகுதியில் பரவலாகக் காணப்படும் சாதாரணத் தெருப்பூனை ஆகியவை காப்பகங்களில் நீண்ட காலம் தங்கிவிடுகின்றன. வயதான பெற்றோர் இருக்கும் வீட்டுக்கும், பகலெல்லாம் ஆள் இல்லாத வீட்டுக்கும் உண்மையில் பொருத்தமானது, குணம் தெரிந்த, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த, ஓட்டமும் கடியும் ஓய்ந்த ஒரு வளர்ந்த பூனைதான். ஒன்றாகவே வளர்ந்து, பிரித்தால் உண்ண மறுக்கும் இணைகளும் உண்டு. வீட்டுக்கு இரண்டு என்னும் வரம்பு அத்தகைய ஓர் இணையை அப்படியே ஏற்க இடமளிக்கிறது. காப்பகத்தில் குட்டிகளின் அறைக்குப் போகும் முன், அந்த இணைகள் எந்த அறையில் இருக்கின்றன என்று கேட்டுப் பார்க்கலாம்.